இரு இதழ்கள், ஒரு திறனாய்வாளர்: ஜேம்ஸ் ஏஜியின் திரைத் திறனாய்வு வாழ்க்கை

முன்னுரை

திரைப்படத் திறனாய்வு படத்தின் நிறைகுறைகளை மட்டும் பொறுத்து அமைவதன்று. அது வெளிவரும் இதழின் பக்க அளவு, மொழிநடை, வாசகரின் எதிர்பார்ப்பு, எழுதியவர் பெயரை வெளியிடும் வழக்கம் ஆகியனவும் அதன் உருவத்தை முடிவுசெய்கின்றன. ஒரே காலத்தில் இருவேறு இதழ்களுக்கு எழுதும் திறனாய்வாளர் இரண்டிலும் ஒரே மனிதராக இருக்க இயலுமா என்னும் வினா இங்கு எழுகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியின் (1909–1955) வாழ்க்கை இவ்வினாவிற்குத் தக்க சான்றாக அமைகிறது.

இளமையும் இதழ்நுழைவும்

ஏஜி 1909 நவம்பர் 27 அன்று டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் பிறந்தார். 1916ஆம் ஆண்டு மே மாதம் அவருடைய தந்தை மோட்டார் வண்டி விபத்தில் இறந்தார். ஆறு வயதில் நேர்ந்த இவ்விழப்பு அவருடைய படைப்புகளில் இறுதிவரை தொடர்ந்தது. சமயப் பள்ளியொன்றில் பயின்றபோது அங்கிருந்த அருட்தந்தை ஃபிளை என்பாருடன் ஏற்பட்ட நட்பு அவருக்கு வாழ்நாள் துணையாயிற்று. பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று 1932இல் பட்டம் பெற்றார்.

மாணவப் பருவத்தில் அவர் பொறுப்பேற்றிருந்த பல்கலைக்கழக இலக்கிய இதழ், ‘டைம்’ வார இதழின் நடையை எள்ளி நகையாடும் தனி இதழொன்றை வெளியிட்டது. தலைகீழாகப் புரட்டிய வாக்கிய அமைப்பும் ஒட்டுச் சொற்களும் அன்றைய ‘டைம்’ நடையின் அடையாளங்கள். அந்த நையாண்டி இதழே அதே நிறுவனத்தின் ‘ஃபார்ச்சூன்’ இதழில் அவருக்கு வேலை கிடைக்க உதவியது. பகடி செய்த நடையிலேயே பின்னாளில் பல ஆண்டுகள் எழுத வேண்டியிருந்தது அவர் வாழ்வின் முரண் எனலாம்.

1936ஆம் ஆண்டு கோடையில் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்சுடன் அலபாமா மாநிலத்திற்குச் சென்று, பருத்தி விளைவிக்கும் மூன்று வாரக் குடியானவர் குடும்பங்களைப் பற்றிச் செய்தி திரட்டினார். ‘ஃபார்ச்சூன்’ அக்கட்டுரையை வெளியிடவில்லை. அது விரிந்து வளர்ந்து 1941இல் ‘லெட் அஸ் நவ் பிரெய்ஸ் ஃபேமஸ் மென்’ என்னும் நூலாக வந்தபோது மிகச் சில படிகளே விற்றன. எழுதப்படும் மனிதருக்கு உண்மையாயிருத்தல், இதழின் தேவைக்கு எழுதுதல் ஆகிய இரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை அவர் இங்குத்தான் முதன்முதலில் நேரில் கண்டார்.

பெயரின்றி எழுதிய இதழ்

ஏஜி 1939 முதல் ‘டைம்’ இதழில் நூல் மதிப்புரைகளும் 1941 முதல் திரைப்பட மதிப்புரைகளும் எழுதினார். அம்மதிப்புரைகளின் கீழ் எழுதியவர் பெயர் இடம்பெறுவதில்லை. செய்தி திரட்டுவோர் தகவல் தருவர். எழுதியதை ஆசிரியர்கள் திருத்துவர். வாசகர் கேட்பது இதழின் குரலையே. நாடு முழுவதும் பரவியிருந்த அதன் வாசகர்களுள் பெரும்பாலோர் வார இறுதியில் எந்தப் படத்திற்குச் செல்லலாம் என்று அறிய விரும்பியவர்கள். எனவே கதைச்சுருக்கம், நடிகர், தயாரிப்புப் பின்னணி, தீர்ப்பு ஆகிய நான்கையும் ஒருசில பத்திகளுக்குள் அடக்குவது அங்குக் கட்டாயமாயிற்று.

பெயருடன் எழுதிய இதழ்

1942ஆம் ஆண்டு இறுதியில் ‘தி நேஷன்’ இதழில் அவருடைய பெயருடன் திரைப்படப் பத்தி தொடங்கியது. இது அரசியலும் இலக்கியமும் பேசிய இடதுசாரிச் சார்புடைய சிற்றளவு வார இதழ். தம் முதல் பத்தியிலேயே ஏஜி தம்மை ஒரு பயில்முறைக் கலைஞராகவே அறிமுகப்படுத்திக்கொண்டார். படங்களை நிறையப் பார்த்திருந்தும் அவை உருவாகும் முறையைப் பற்றி அதிகம் அறியாத வாசகரின் நிலையே தம்முடைய நிலையும் என்றார். வாசகருக்கு மேலே நின்று தீர்ப்பு வழங்காமல் அருகில் அமர்ந்து உரையாடும் இவ்வணுகுமுறையே அப்பத்தியின் தனித்தன்மை. தம் கருத்தில் தமக்கே எழும் ஐயத்தையும் அவர் அங்கு மறைக்கவில்லை. திரைப்படத்தில் நாட்டமில்லாத கவிஞர் ஆடன் 1944இல் அவ்விதழுக்கு மடல் எழுதி அப்பத்தியைப் பெரிதும் பாராட்டினார். படம் பார்க்காதவரும் படிக்கத்தக்க எழுத்தாகத் திறனாய்வு உயர்ந்தமைக்கு அம்மடல் சான்றாகும்.

ஒரே படம், இருவேறு வாசகர்

லாரன்ஸ் ஒலிவியே இயக்கி நடித்த ‘ஐந்தாம் ஹென்றி’ படத்தைப் பற்றி 1946இல் ஏஜி இரு இதழ்களிலும் எழுதினார். ‘டைம்’ இதழில் அது அட்டைப்படக் கட்டுரை. ஷேக்ஸ்பியரின் நாடகம் போர்க்காலத்தில் படமாக உருவான வரலாற்றைப் பொதுவாசகருக்கு விளக்கி, அவருக்கு அந்நாடகத்தின்பாலுள்ள அச்சத்தைப் போக்குவது அதன் நோக்கம். ‘தி நேஷன்’ வாசகருக்கு அவ்வறிமுகம் தேவைப்படவில்லை. அங்குத் தம் மகிழ்ச்சிக்கான காரணங்களையும் உடன்பாடின்மைகளையும் தனிமனிதக் குரலில் அவர் ஆராய்ந்தார். படத்தின் மீதான மதிப்பு இரண்டிலும் உயர்ந்ததே. அம்மதிப்பிற்கு வாசகரை அழைத்துச் செல்லும் வழியே வேறு.

சாப்ளினின் ‘மொசியே வெர்து’ 1947இல் வெளிவந்தபோது இவ்வேறுபாடு கூர்மையடைந்தது. சாப்ளினின் அரசியல் சார்பு குறித்த பகைமை அப்போது நாட்டில் வளர்ந்திருந்தது. நியூயார்க்கில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் படத்தை விடுத்து அவருடைய குடியுரிமையையும் நட்புகளையும் பற்றியே வினாக்கள் எழுந்தன. அக்கூட்டத்தில் ஏஜி எழுந்து, ஒரு கலைஞரை இவ்வாறு துருவுவோரைச் சினத்துடன் கண்டித்தார். பின்னர் ‘தி நேஷன்’ இதழில் மே, ஜூன் மாதங்களில் மூன்று பகுதிகளாக அப்படத்தை ஆராய்ந்தார். குடும்பத்தில் அன்பும் தொழிலில் கொலையுமாகத் தன்னை இரு கூறாக்கிக்கொண்ட மனிதனின் அழிவாக அப்படத்தை அவர் கண்டார். தொழில் வேறு, மனச்சான்று வேறு என்று பிரித்து வாழ இயலாது என்னும் அவ்விளக்கம், இரு இதழ்களுக்கிடையே வாழ்ந்தவருக்குத் தம் நிலையையும் நினைவூட்டியிருக்கும் எனக் கருத இடமுண்டு. இவ்வளவு விரிவிற்கு ‘டைம்’ இதழில் இடமில்லை.

இறுதிக் காலம்

1948இல் ஏஜி இரு இதழ்களின் திறனாய்வுப் பணியையும் விட்டு விலகினார். 1949 செப்டம்பரில் ‘லைஃப்’ இதழுக்கு மௌனப்பட நகைச்சுவையைப் பற்றி நெடிய கட்டுரை எழுதினார். படங்கள் நிறைந்த அவ்விதழின் பெருந்திரளான வாசகருக்குச் சாப்ளின், கீட்டன், லாயிட், லாங்டன் ஆகிய நால்வரின் உடல்மொழியைச் சொல்லாலேயே காட்சிப்படுத்தினார். ‘தி நேஷன்’ தந்த உரிமையும் ‘டைம்’ தந்த செறிவும் அக்கட்டுரையில் ஒன்றிணைந்தன. கீட்டன் மீண்டும் கவனம் பெற அது உதவியது.

பின்னர் திரைக்கதையாசிரியராகி, ‘தி ஆஃப்ரிக்கன் குயின்’ (1951), ‘தி நைட் ஆஃப் தி ஹன்ட்டர்’ (1955) ஆகிய படங்களில் பணியாற்றினார். மதுவும் புகையும் இரவுப்பணியும் உடலைச் சிதைத்தன. 1951 தொடக்கத்தில் இதயநோய் தாக்கியது. 1955 மே 16 அன்று நியூயார்க்கில் வாடகை மோட்டார் வண்டியில் செல்கையில் 45ஆம் வயதில் இறந்தார். தந்தையின் மரணத்தை மையமாகக் கொண்ட, அவர் நிறைவுசெய்யாத புதினம் ‘எ டெத் இன் தி ஃபேமிலி’ 1957இல் வெளிவந்து, 1958இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதே 1958இல் அவருடைய திறனாய்வுகளும் நூலாயின. ‘டைம்’ இதழின் பெயரற்ற பக்கங்களிலிருந்து அவர் எழுதியவற்றுள் சிலவும் தெரிந்தெடுக்கப்பட்டு, முதன்முறையாக அவர் பெயரைத் தாங்கின.

முடிவுரை

இதழ் மாறும்போது திறனாய்வின் நீளமும் நடையும் முன்னறிமுகமும் மாறுவது இயல்பு; அது வாசகருக்குச் செய்யும் மரியாதையுமாகும். தீர்ப்பு மாறுமாயின் அது நேர்மைக்குறைவு. ஏஜி இவ்வெல்லையை அறிந்து எழுதினார். ஆயினும் அதற்கான விலையை அவருடைய சொந்தப் படைப்புகள் செலுத்தின. பெயரற்ற பக்கங்களில் செலவான ஆண்டுகளும் நிறைவுபெறாது நின்ற புதினமும் ஒரே வாழ்வின் இரு கணக்குகளாகும்.