ராமானுஜனும் மூழ்கிய கப்பல்களும்

ராமானுஜன்னு சொன்னா நமக்கு 1729 ஞாபகம் வரும். அரியர் வெச்சிருக்கிறவங்களுக்கு இன்னொண்ணும் வரும்: கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மத்த பாடங்களில் கோட்டை விட்டு ஸ்காலர்ஷிப்பை இழந்தவர். (இதை வீட்ல உதாரணமா சொல்லிப் பார்க்காதீங்க, வேலைக்கு ஆகாது.) நான் சொல்ல வந்தது ரெண்டும் இல்லை. அவர் வாழ்க்கையில் குறுக்கே வந்த நீர்மூழ்கிக் கப்பல்களைப் பத்தி.

பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா துணிக்கடை குமாஸ்தா. 1912-ல் சென்னைத் துறைமுக ஆபீஸில் மாசம் 30 ரூபாய்க்கு கிளார்க் வேலை கிடைத்தது. 1914 மார்ச் 17 அன்று, மனைவி ஜானகியை விட்டுவிட்டு, அதே சென்னையிலிருந்து நெவாசா கப்பலில் இங்கிலாந்து கிளம்பினார். போய் இறங்கிய நாலே மாசத்தில் உலகப் போர்.

1915 டிசம்பர் 30. லண்டனிலிருந்து பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த பெர்சியா கப்பலை, கிரீட் தீவுப் பக்கம், எச்சரிக்கையே இல்லாமல் ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது. சில நிமிஷத்தில் முழுகிப்போச்சு. 519 பேரில் 343 பேர் இறந்தார்கள். ராமானுஜன் ஊர் திரும்பணும்னா போக வேண்டிய பாதையும் அதுதான். போர் முடியும் வரை அவர் கப்பல் ஏறவே இல்லை.

கடலில் நடந்தது அவர் தட்டு வரைக்கும் வந்தது. பிரிட்டன் கப்பலில் வரும் உணவை நம்பிய தீவு. 1917 பிப்ரவரியில் ஜெர்மனி, கண்ணில் படும் சரக்குக் கப்பலையெல்லாம் அடிக்க ஆரம்பித்தது. ஏப்ரல் ஒரே மாசத்தில் 8 லட்சம் டன்னுக்கு மேல் போச்சு. அரிசியும் காய்கறியும் தயிருமா வளர்ந்த சுத்த சைவர், டிரினிட்டி கல்லூரி அறையில் தானே சமைத்துக்கொண்டவர், கிடைத்ததை வைத்து ஒப்பேத்தினார். அதே வசந்த காலத்தில்தான் படுக்கையிலும் விழுந்தார்.

எல்லாப் பழியையும் டார்பிடோ மேல போட முடியாது. அப்போதைய டாக்டர்கள் காசநோய் என்றார்கள். 1994-ல் டி. ஏ. பி. யங் என்பவர், கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம், இந்தியாவிலிருந்தே கொண்டுபோயிருக்கலாம் என்று எழுதினார். ஆனா பசியும் குளிரும் தனிமையும் எந்த நோயாளிக்குத்தான் நல்லது செய்யும்? எஃப்.ஆர்.எஸ். பட்டம் 1918-ல் வந்தபோது அவர் நோயாளி.

1919 பிப்ரவரி 27 அன்று நகோயா கப்பல் அவரை ஏற்றிக்கொண்டது. கடலில் இப்போ பயமில்லை. கும்பகோணத்தில் சில மாசம் இருந்தார். கடைசி நாட்களிலும் மாக் தீட்டா சார்புகளை எழுதிக் குவித்தார். 1920 ஏப்ரல் 26, சென்னை சேத்துப்பட்டில் இறந்தபோது வயசு 32.

அவர் விட்டுப்போன தாள்களை 1923-ல் சென்னைப் பல்கலைக்கழகம் கடல் கடந்து ஹார்டிக்கு அனுப்பியது. அவை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. அதில் ஒரு கட்டைத்தான் 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி நூலகத்தில் கண்டெடுத்தார்.