3 வயசோட மூளை வளர்ச்சி முடிஞ்சிடுமா? கோழிக்கருவில் விடை தேடிய ராமோன் இ கஹாலின் கதை

உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்த ஃபார்வர்டு ஒருமுறையாவது வந்திருக்கும்: குழந்தையின் மூளை 3 வயதுக்குள் முழுசா உருவாகிவிடும், அதுக்குள்ள எதைச் சொல்லிக்கொடுக்கிறோமோ அதுதான் மிச்சம். ஆபீஸில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு: 25 வயசைத் தாண்டிட்டா மூளை செட் ஆயிடும், இனிமே புதுசா எதுவும் ஏறாது.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சம் உண்மை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், 19-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில், முட்டைக்குள் வளரும் கோழிக்கருவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டாக்டரிடம் போய் நிற்போம். அவர் பெயர் சாந்தியாகோ ராமோன் இ கஹால். நவீன நரம்பியலின் தந்தை என்று உலகம் அழைப்பது இவரைத்தான்.

பீரங்கி செய்த பையன்

கஹால் பிறந்தது 1852 மே 1 அன்று, வடக்கு ஸ்பெயினில் பெட்டீயா தே அரகோன் என்ற சின்ன மலைக் கிராமத்தில். அப்பா அறுவை சிகிச்சை மருத்துவர், ரொம்பக் கண்டிப்பானவர். பையனுக்கோ ஓவியம்தான் உயிர். படம் வரைவது உருப்படாத வேலை என்பது அப்பாவின் முடிவு. நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறதல்லவா?

பள்ளியில் அடி, தண்டனை, இடமாற்றம். சிறுவயதில் தானே ஒரு பீரங்கி செய்து பக்கத்து வீட்டுக் கதவைத் தகர்த்து, சில நாள் சிறைக்கும் போய் வந்தார். முடிதிருத்தும் கடையிலும் செருப்புத் தைப்பவரிடமும் வேலை பழக விட்டார் அப்பா. கடைசியில் மகனைப் பழைய கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், எலும்புகளைப் பொறுக்கி வந்து உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தார். எலும்புகளை வரைய ஆரம்பித்த பையன் மருத்துவத்துக்குள் வந்துவிட்டான்.

1873-இல் மருத்துவப் பட்டம். அடுத்து ராணுவ மருத்துவராக கியூபா. அங்கே மலேரியா தாக்கி, உடல் நொறுங்கித் திரும்பினார். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தில்தான் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார்.

வலையா, தனித்தனி செல்லா?

அன்றைய பெரிய கேள்வி இது: மூளை என்பது இடைவெளியே இல்லாமல் பின்னிய ஒரே வலையா, இல்லை தனித்தனி செல்களின் கூட்டமா? மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நூல்கண்டு சிக்கிய மாதிரிதான் தெரியும். எந்த இழை எந்த செல்லிலிருந்து வருகிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

1873-இல் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி ஒரு வழி கண்டுபிடித்தார். பொட்டாசியம் டைகுரோமேட், சில்வர் நைட்ரேட் இரண்டையும் பயன்படுத்தினால், நூறில் ஒரு சில செல்கள் மட்டும் முழுக் கருப்பாகச் சாயமேறி, கிளைகளோடு பளிச்சென்று தெரியும். 1887-இல் மாட்ரிடில் லூயிஸ் சிமாரோ என்ற மருத்துவர் இந்தச் சாயமேற்றிய மாதிரிகளை கஹாலுக்குக் காட்டினார். அந்த நாளிலிருந்து அவருக்கு வேறு வேலையே ஓடவில்லை.

ஆனால் கோல்ஜியின் முறை அடிக்கடி சொதப்பும். வளர்ந்த விலங்கின் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கும். அது இருக்கிற இடத்தில் சாயம் ஏறாது.

கஹால் செய்தது எளிமையான ஒரு மாற்றம்தான். முதிர்ந்த மூளையை விட்டுவிட்டு, மயலின் இன்னும் போர்த்தாத இளம் மூளையை எடுத்தார்: கோழிக்கரு, பிறந்த குட்டிகள். நூறு வருடத்து ஆலமரத்தில் எந்த விழுது எந்தக் கிளையிலிருந்து இறங்கியது என்று சொல்வது கஷ்டம். அதே ஆல் கன்றாக இருக்கும்போது பார்த்தால்? எல்லாமே தெரியும்.

விடை கிடைத்தது: ஒவ்வொரு நரம்பு செல்லும் தனி. அவை ஒன்றையொன்று நெருங்கும், ஒட்டி ஒன்றாகாது. 1888-இல் இதை வெளியிட இதழ் கிடைக்காததால் சொந்தச் செலவில் ஓர் இதழையே தொடங்கினார். 1889-இல் பெர்லின் மாநாட்டுக்குத் தன் ஸ்லைடுகளைத் தூக்கிக்கொண்டு போனார். சுவிட்சர்லாந்தில் பிறந்த மேதை ஆல்பர்ட் ஃபான் கோலிக்கர் அவற்றைப் பார்த்து அசந்துபோக, உலகம் கஹாலைத் திரும்பிப் பார்த்தது.

வழி தேடிப் போகும் நுனி

நம் கேள்விக்கு முக்கியமான இடம் இதுதான். 1890-இல் கோழிக்கருவின் தண்டுவடத்தில், வளரும் நரம்பிழையின் நுனியில் புடைத்த கூம்பு போன்ற ஒன்றைக் கண்டார். இன்று அதன் பெயர் வளர்கூம்பு. அவர் பார்த்தது இறந்த திசுவை. அசையாத அந்தப் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்து, இந்தக் கூம்பு தடவித் தடவி முன்னேறிப் பாதை கண்டுபிடிக்கிறது என்று ஊகித்தார். இரண்டு வருடத்தில் இன்னொரு படி மேலே போய், ரசாயன சமிக்ஞைகள்தான் அதற்கு வழிகாட்டுகின்றன என்றார்.

1907-இல் அமெரிக்காவின் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் திசுவை உடலுக்கு வெளியே வளர்த்து, நரம்பிழை உண்மையிலேயே ஊர்ந்து நீள்வதைக் கண்ணால் பார்த்தார். அந்த ரசாயன வழிகாட்டிகளில் ஒன்று கையில் சிக்க 1994 வரை ஆனது. கோழிக்கரு மூளைகளிலிருந்து பிரித்தெடுத்த அந்தப் புரதத்துக்கு வைத்த பெயர் நெட்ரின். வழிநடத்துபவர் என்ற பொருள்கொண்ட சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. நேதாஜி என்கிறோமே, அதே வேர்தான்.

இங்கேதான் பரிணாமம் உள்ளே வருகிறது. வெறும் 302 நரம்பு செல்கள் கொண்ட ஒரு மில்லிமீட்டர் புழுவிலும் இதே குடும்பத்துப் புரதம் இதே வேலையைச் செய்கிறது. பழ ஈயிலும் உண்டு, மனிதரிலும் உண்டு. சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் கொண்ட நம் மூளைக்கு இயற்கை புதுசாக ஒரு கருவிப்பெட்டி செய்யவில்லை. பழைய கருவிகளை வைத்தே நீண்ட காலம் எடுத்துக் கட்டுகிறது.

கஹாலும் பரிணாமத்தை நம்பியவர். தவளை, பல்லி, எலி, மனிதர் என மூளை செல்களின் கிளைகள் பெருகுவதை ஒரு வரிசையாகவும், ஒரே செல் கருவில் படிப்படியாக வளர்வதை இன்னொரு வரிசையாகவும் வரைந்து அருகருகே வைத்தார். ஏணியில் ஏறுவது போன்ற இந்தப் பார்வை அன்று பிரபலம். ஆனால் பின்னாளில் பூச்சிகளின் கண்ணையும் அதன் நரம்புகளையும் ஆராய்ந்து 1915-இல் வெளியிட்டபோது, அந்தச் சிக்கலான அமைப்பு அவரையே மலைக்கவைத்தது. ஏணியின் கீழ்ப்படி என்று நினைத்த உயிருக்குள் அவ்வளவு நேர்த்தி! இன்றைய உயிரியலும் அந்த ஏணியை ஏற்பதில்லை. மனிதக் கரு மீனாக இருந்து, ஊர்வனவாக மாறி, பிறகு மனிதராவதில்லை. உங்களுக்குள் ஒரு பல்லி மூளை ஒளிந்திருக்கிறது என்று சொல்லும் ரீல்ஸ்களை நம்பாதீங்க.

அவர் சொன்னதில் தப்பானது

1894-இல் லண்டன் ராயல் சொசைட்டி உரையில், பயிற்சியால் நரம்பு செல்களின் கிளைகளும் இணைப்புகளும் பெருகலாம் என்று கஹால் சொல்லியிருந்தார். ஆனால் சுமார் 20 வருடம் கழித்து, வெட்டுப்பட்ட நரம்புகள் குறித்து எழுதிய பெரிய நூலில், வளர்ந்தவரின் மூளையிலும் தண்டுவடத்திலும் பாதைகள் நிலையானவை, மாறாதவை என்ற முடிவுக்கு வந்தார். முடிந்தால் எதிர்கால அறிவியல் இதை மாற்றட்டும் என்றும் சேர்த்தே எழுதினார். அந்தச் சேர்க்கையை எல்லோரும் மறந்தார்கள். முதல் பாதி மட்டும் பல பத்தாண்டுகள் பாடமாக நின்றது.

அப்போ அந்த ஃபார்வர்டு?

மனிதக் குழந்தையின் மூளை பிறக்கும்போது வளர்ந்தவரின் மூளையில் கால்வாசி அளவுதான். 6 வயதுக்குள் சுமார் 90 சதவீத அளவை எட்டிவிடும். அளவு நிறைவது வேறு, வேலை முடிவது வேறு. முதல் வருடங்களில் இணைப்புகள் தேவைக்கு அதிகமாக உருவாகின்றன. பயன்படாதவை பதின்பருவம் வரை கழிக்கப்படுகின்றன. கஹாலுக்குத் தொந்தரவாக இருந்த அதே மயலின் உறை, மூளையின் முன்பகுதியில் இருபதுகளிலும் தொடர்ந்து போர்த்தப்படுகிறது. சிம்பன்சிகளில் இந்த வேலை நம்மைவிட முன்கூட்டியே முடிந்துவிடும்.

சில திறன்களுக்குக் கெடு உண்டு என்பது உண்மை. பிறவிக் கண்புரையை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் பார்வைப் பாதைகள் சரியாக அமையாது, அதில் தாமதம் கூடாது. ஆனால் அந்தக் கெடுவும் நினைத்த அளவுக்கு இறுக்கமானதில்லை என்பதை டெல்லியில் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டம் காட்டியது. பிறவியிலேயே பார்வை இழந்து, பல வருடம் கழித்து அறுவை சிகிச்சை பெற்ற சிறார்கள், முழுசா இல்லாவிட்டாலும், பொருட்களையும் முகங்களையும் பார்த்து அறியக் கற்றுக்கொண்டார்கள்.

1906-இல் கஹாலும் கோல்ஜியும் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். அந்த மேடையிலும் கோல்ஜி வலைதான் சரி என்று வாதாடினார். 1950-களில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்து, செல்களுக்கு இடையிலான இடைவெளியைக் காட்டி அந்த வழக்கை முடித்துவைத்தது. கஹால் அதைப் பார்க்கவில்லை, 1934-இல் மாட்ரிடில் தன் 82-ஆவது வயதில் இறந்துவிட்டார். அப்பா உருப்படாதது என்ற அந்தக் கை வரைந்த ஓவியங்கள் அடங்கிய ஆவணங்களை, 2017-இல் யுனெஸ்கோ தன் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

அடுத்த முறை அந்த ஃபார்வர்டு வந்தால், குழந்தைக்கு ஃபிளாஷ் கார்டு ஆர்டர் பண்ணும் முன் ஒரு நிமிஷம் யோசிங்க. முதல் மூன்று வருடம் முக்கியம்தான், அதில் சந்தேகமே இல்லை. சத்துணவு, தூக்கம், தடுப்பூசி, கண்-காது பரிசோதனை, மடியில் வைத்துப் பேசுவது எல்லாம் அப்போது நிச்சயம் வேண்டும். ஆனால் 4-ஆவது பிறந்தநாளில் கதவு சாத்தப்படுவதில்லை. 30 வயதில் புது மொழி கற்க நினைக்கும் உங்களுக்கும்தான்: நேரம் கூட எடுக்கும், அவ்வளவுதான்.