மலாக்கா தந்த மொழி ஆசான் முன்ஷி அப்துல்லா



ஆங்கிலத்தில் கடினமான சொற்களைக் கண்டாலே நம் பிள்ளைகளுக்கு ஒரு பயம். பெற்றோரிலும் சிலர், புள்ளை தமிழ் படிச்சு என்ன ஆகப் போவுது, அந்த நேரத்துல இங்கிலீஷாவது படிக்கட்டுமே என்று கேட்கிறார்கள். இந்த இரண்டுக்கும் விடை சொல்ல ஒரு பெரியவரின் வாழ்க்கை இருக்கிறது. அவர் தூர தேசத்தவர் அல்லர். நம் மலாக்காவில் பிறந்தவர்.

முன்ஷி அப்துல்லா 1796-ஆம் ஆண்டில் மலாக்கா கம்போங் பாலியில் பிறந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டனார் ஏமன் நாட்டு அரபியர். அவர் தமிழ்நாட்டு நாகூருக்கு வந்து அங்கேயே மணம் செய்துகொண்டார். அவர் வழி வந்த குடும்பம் பிறகு மலாக்காவில் குடியேறியது. ஆகவே அப்துல்லாவின் உடம்பில் தமிழ் இரத்தமும் ஓடியது. அவருக்கு முன் பிறந்த நான்கு ஆண் பிள்ளைகளும் சிறு வயதிலேயே இறந்துவிட்டனர். அப்துல்லாவும் நோயாளிக் குழந்தையாகவே வளர்ந்தார்.

அவருடைய பாட்டி ஊரில் குர்ஆன் பள்ளி நடத்தியவர். அப்துல்லாவின் படிப்பு அங்கேதான் தொடங்கியது. தந்தை மிகவும் கண்டிப்பானவர். தப்பும் தவறுமாக எழுதினால் விடமாட்டார். பதினொரு வயதளவில் மகனைத் தமிழ் ஆசிரியர் ஒருவரிடம் அனுப்பினார். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் அப்துல்லா தமிழ் படித்தார். அன்றைய மலாக்காவில் தமிழ் வணிகர் பலர் இருந்தனர். கணக்கு வழக்குக்கும் வியாபாரத்துக்கும் தமிழ் வேண்டியிருந்தது. அதனால் வசதியுள்ள நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது ஊர் வழக்கமாகவே இருந்தது. பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களிடம் பழகி இந்துஸ்தானியும் கற்றார். அவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். அவர்கள்தாம் சிறு பையனான அவரை முன்ஷி, அதாவது ஆசிரியர், என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1810-1811-இல் ராபிள்ஸ் மலாக்காவில் தங்கியிருந்தபோது மலாய்ச் சுவடிகளைப் படியெடுக்கும் வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது பதினைந்துகூட நிரம்பியிருக்குமோ என்னவோ!

1815-இல் வில்லியம் மில்ன் என்னும் பாதிரியார் மலாக்காவுக்கு வந்தார். அப்துல்லா அவருக்கு மலாய் சொல்லித் தந்தார். அவரிடம் ஆங்கிலம் கற்றுக்கொண்டார். 1818-இல் மலாக்காவில் ஆங்கிலோ-சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சீனப் பிள்ளைகள் ஆங்கிலமும், ஐரோப்பியர் சீனமும் படித்த இடம் அது. கல்லூரியை நிறுவிய மோரிசன் தயாரித்த சீன-ஆங்கில அகராதி 1815 முதல் 1823 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. சீனர் ஆங்கிலச் சொற்களைத் தேடிக் கற்ற கதை நம் மலாக்காவோடு இப்படிச் சேர்ந்திருக்கிறது.

அப்துல்லா ஆங்கிலம் படிப்பதை ஊரார் விரும்பவில்லை. மதம் மாறிவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள். அப்துல்லா பாதிரி என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். அவரோ படிப்பையும் விடவில்லை, தம் மார்க்கத்தையும் விடவில்லை.

தாம்சன் என்ற பாதிரியாரோடு சேர்ந்து மலாய் மொழிபெயர்ப்பு செய்தபோது வேறொரு தொல்லை வந்தது. தாம்சன் ஆங்கில வாக்கியத்தின் போக்கிலேயே மலாய்ச் சொற்களை அடுக்க விரும்பினார். அது மலாய் ஆகாது என்று அப்துல்லா வாதாடினார். நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று பார்ப்போம். மலாய்க்காரர் மாக்கான் ஆங்கின் என்றால் உலாவப் போவதைச் சொல்கிறார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் காத்தைத் திங்கறது என்று வரும்! சொல் தெரிந்தால் மட்டும் போதாது. அது எந்த இடத்தில், எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதும் தெரிய வேண்டும். ஆங்கிலத்துக்கும் இதே விதிதான்.

அவர் கற்ற தமிழும் வீண் போகவில்லை. பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்கு மொழிபெயர்த்தார். 1838-இல் கிளந்தானுக்குச் சென்று வந்து அந்தப் பயணத்தைப் பற்றி எழுதினார். தம் வாழ்க்கை வரலாற்றை 1843-இல் எழுதி முடித்தார். 1849-இல் அது சிங்கப்பூரில் அச்சாகியது. மலாக்காக் கோட்டை தகர்க்கப்பட்டதைத் தம் கண்ணால் கண்டு அதில் எழுதி வைத்திருக்கிறார். தாய்மொழியை முறையாகப் படிக்காமல் இருப்பவர்களை அந்நூலில் கண்டிக்கவும் செய்தார். 1854-இல் மக்கா யாத்திரை சென்றபோது காலமானார். இன்று அவரை நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றுகிறார்கள்.

மாணவர்களே! நாளைக்கு மூன்று புதுச் சொற்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் அமையுங்கள். இருநூறு பள்ளி நாளில் அறுநூறு சொற்கள் உங்கள் கையில் இருக்கும். பெற்றோர்களே! உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மாலையில் பிள்ளையைக் கூப்பிட்டு, இன்னிக்கு என்ன சொல் படிச்சே, தமிழ்ல சொல்லு என்று கேளுங்கள். தமிழில் விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சொல் மறக்காது.

ஒரு மொழி இன்னொரு மொழிக்குப் பகையில்லை. இவ்வாண்டு பரிசு பெறும் மாணவர்களுக்கு என் வாழ்த்துகள். அடுத்த ஆண்டு பெறப் போகிறவர்கள் இன்றே தொடங்குங்கள்!