புலிக்கோடு போட்ட துப்பாக்கி!
திப்பு சுல்தான் வாழ்க்கையும் அவர் விட்டுச்சென்ற ஆயுதங்களும்

பெங்களூர் கே.ஆர். மார்க்கெட் பக்கம் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் தாரமண்டல்பேட்டை என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். இன்று அங்கே கடைகளும் நெரிசலும்தான். 200 ஆண்டுகளுக்கு முன்பு அது ஆயுதப் பட்டறைகளின் இடம். இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்து, எதிரிகள் மீது சீறிப் பாயும் ராக்கெட்டுகளைச் செய்த தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுத்தவர் மைசூர் மன்னர் திப்பு சுல்தான்.

ஆற்காட்டுப் பெயர்

திப்பு 1750-ம் ஆண்டு தேவனஹள்ளியில் பிறந்தார். இப்போது பெங்களூர் விமான நிலையம் இருப்பது அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். தந்தை ஐதர் அலி சாதாரணப் படைவீரராக இருந்து உயர்ந்தவர். ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா என்ற மகானின் பெயரையே மகனுக்கு வைத்தார்கள். ஆக, கன்னட நாட்டு மன்னருக்குப் பெயர் கொடுத்தது தமிழ்நாட்டு ஊர்.

1780-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி காஞ்சீபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையைத் தந்தையும் மகனும் சுற்றி வளைத்தார்கள். வெள்ளையரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அந்த வெற்றி லண்டன் வரை அதிர்ச்சியை உண்டாக்கியது. ஆனால் அந்தப் போரில் ஆற்காட்டுச் சீமையின் கிராமங்கள் பட்ட பாடும் கொஞ்சநஞ்சம் அல்ல.

1782-ல் ஐதர் அலி இறந்தார். திப்பு அரியணை ஏறினார்.

பட்டறை கண்ட மன்னர்

நல்ல ஆயுதம் இல்லாமல் வெள்ளையரை வெல்ல முடியாது என்பது திப்புவுக்குத் தெரியும். பிரான்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் தூதர்களை அனுப்பிக் கைதேர்ந்த தொழிலாளர்களைக் கேட்டார். சீரங்கப்பட்டணத்தில் துப்பாக்கிகள் தயாராயின. அவை சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பிச் சுடும் துப்பாக்கிகள்.

அந்தத் துப்பாக்கிகளை இன்று எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

முதல் அடையாளம் புலிக்கோடு. "பப்ரி" என்று சொல்லப்படும் வளைந்த கோடுகள் குழாயிலும் மற்ற பாகங்களிலும் இருக்கும். கல்லைப் பிடித்திருக்கும் குதிரை என்ற பாகம் பல துப்பாக்கிகளில் புலித்தலையாகவே செய்யப்பட்டிருக்கும்.

இரண்டாவது, முத்திரை. ஐதர் என்ற பெயர் எழுத்துகள் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். உயர்ந்த துப்பாக்கிகளில் செய்த தொழிலாளியின் பெயரும், பட்டணம் என்ற ஊர்ப்பெயரும் பாரசீக எழுத்தில் காணப்படும்.

மூன்றாவது, ஆண்டு. இதில்தான் பலர் ஏமாறுவார்கள். ஹிஜ்ரி ஆண்டுக்குப் பதிலாக மௌலூதி என்ற தனிக்கணக்கைத் திப்பு கொண்டு வந்தார். அவர் நாணயங்களில் அந்த ஆண்டின் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 1226 என்பது வழக்கம்போல் படிக்கிறவருக்கு 6221 என்று தெரியும். அது நம் கணக்கில் 1798-99. விவரம் தெரியாத போலி வியாபாரி சறுக்குகிற இடம் இது.

புலி இருப்பதாலேயே ஒரு துப்பாக்கி திப்பு கையில் பிடித்தது ஆகிவிடாது. படைவீரனுக்குக் கொடுத்த துப்பாக்கி வேறு, மன்னரின் சொந்த ஆயுதசாலைத் துப்பாக்கி வேறு. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

கடைசிப் போர்

1791-ல் பெங்களூர்க் கோட்டை காரன்வாலிசிடம் விழுந்தது. மறுவருடம் செய்த உடன்படிக்கையில் பாதி நாடு போயிற்று. திண்டுக்கல், சேலம், கிருஷ்ணகிரி பகுதிகள் கும்பினி வசமாயின. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம். பணம் கட்டி முடியும்வரை இரு பிள்ளைகள் சென்னையில் பிணையாக இருந்தனர்.

1799-ம் ஆண்டு மே 4-ந் தேதி பகலில் சீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்தது. திப்பு தப்பி ஓடவில்லை. வாசலருகே போரிட்டு மடிந்தார். பிணக்குவியலுக்கு நடுவே தீவட்டி வெளிச்சத்தில் உடலைக் கண்டெடுத்தார்கள்.

குடகிலும் மலபாரிலும் மங்களூர்க் கிறிஸ்தவர்களிடையிலும் திப்புவைப் பற்றிக் கசப்பான நினைவுகள் உண்டு. அதையும் மறைப்பதற்கில்லை. அவர் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1806-ல் அங்கே சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்த பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கொள்ளை போனது என்ன விலை?

கோட்டை விழுந்த இரவு முழுவதும் கொள்ளை. தங்கச் சிம்மாசனத்தைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். வாள், துப்பாக்கி, வார்ப்பட்டை எல்லாம் வெள்ளை அதிகாரிகளின் பெட்டிகளில் கப்பலேறின.

2015-ல் லண்டன் ஏலத்தில் திப்புவின் சொந்தத் துப்பாக்கி ஒன்று 7 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போயிற்று. 2019-ல் கும்பினி மேஜர் ஒருவரின் பரம்பரை வீட்டுப் பரணில் கிடந்த வெள்ளிப் பூண் போட்ட துப்பாக்கி, அதன் முனையில் மாட்டும் கத்தியோடு 60,000 பவுண்டுக்கு ஏலம் போனது. 2023-ல் அவர் படுக்கை அறையில் இருந்த வாள் 1 கோடியே 40 லட்சம் பவுண்டு!

விலையை நிர்ணயிப்பது வெள்ளியோ இரும்போ அல்ல. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். துப்பாக்கியோடு பிறந்த கத்தி, மருந்து இடிக்கும் கம்பி ஆகியவை கூடவே இருக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கினால் எழுத்து அழிந்துபோகும், மதிப்பும் போகும்.

கிணற்றில் கிடைத்த புதையல்

இதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்று அழைக்கப்படும் பழைய பிதனூரில் 2002-ல் துருப்பிடித்த இரும்புக் குழாய்கள் கிடைத்தன. அவை திப்பு காலத்து ராக்கெட்டுகள் என்பது சில ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. 2018-ல் அங்கே பாழுங்கிணறு ஒன்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. மண்ணில் வெடிமருந்து வாடை வந்ததைக் கவனித்துத்தான் தொல்பொருள் துறையினர் தோண்டினார்கள். பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால் கிலோக் கணக்கில் உருக்கியிருப்பார்கள்.

கட்டட வேலையிலும் பழைய இரும்புக் கடையிலும் நம்மவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கடப்பாரையில் இப்படி ஏதாவது தட்டுப்பட்டால் தேய்க்கவோ உடைக்கவோ வேண்டாம். உள்ளே மருந்து இருக்கலாம்; உயிருக்கே ஆபத்து. மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878 முதல் உள்ள சட்டம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு சீரங்கப்பட்டணம் போய் வாருங்கள். திப்பு விழுந்த இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அவர் துப்பாக்கிகளைச் செய்த தொழிலாளர்களுக்குக் கல் இல்லை. ஆனால் அவர்களில் சிலருடைய பெயர் அந்தக் குழாய்களில் இன்னும் இருக்கிறது.