மெக்காரிசனின் எலிகளும் நம் சோற்றுத் தட்டும்

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் இதயத்தின் இரத்தக் குழாய் ஒன்றில் ஸ்டென்ட் பொருத்தினார்கள். வீடு திரும்பும் நாளில் மருத்துவர் என்னிடம் இதயத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. எத்தனை மணிக்கு உண்பேன், மலச்சிக்கல் உண்டா, வாரத்தில் எத்தனை நாள் கீரை, நாளொன்றுக்கு எவ்வளவு நடப்பேன் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்த எனக்கு, நெஞ்சு நோய்க்காரனிடம் வயிற்றை விசாரிப்பது சற்று விசித்திரமாகவே பட்டது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலை நடை பழகத் தொடங்கிய அந்த மாதங்களில்தான், நீலகிரி மலையில் எலிகளுக்குச் சோறு போட்டு இதே கேள்விகளைக் கேட்ட ஒருவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அவர் சர் ராபர்ட் மெக்காரிசன்.

தேடியதற்குக் குடும்பக் காரணமும் ஒன்று உண்டு. புதுச்சேரியில் பல வீடுகளுக்குச் சைகோன் கதை இருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது. பிரெஞ்சு இந்தோசீனாவுக்கு வேலைக்குப் போன என் தாத்தா, கால்கள் வீங்கி, மூச்சு முட்டி, ஊர் திரும்பும் முன்பே இறந்துபோனார். கப்பல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று பாட்டி சொல்வார். இந்த அடையாளங்கள் பெரிபெரி நோய்க்கு உரியவை என்று மிகப் பிந்தித்தான் அறிந்தேன். ஆலையில் வெள்ளை வெளேரெனத் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்வோருக்கு, தவிட்டோடு போய்விடும் வைட்டமின் பி1 கிடைப்பதில்லை. அக்குறையால் நரம்புகள் தளரும். மற்றொரு வகையில் இதயம் பெருத்து, உடலில் நீர் கோத்து, இறுதியில் இதயமே செயலிழக்கும். தட்டில் தொடங்கி நெஞ்சில் முடியும் நோய் அது.

மெக்காரிசன் 1878 மார்ச் 15 அன்று அயர்லாந்தின் போர்ட்டடவுன் ஊரில் பிறந்தவர். பெல்ஃபாஸ்டில் மருத்துவம் பயின்று, 1901இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து இங்கு வந்தார். வடமேற்கு எல்லையில் சித்ராலிலும் பிறகு கில்கித்திலும் பணி. கில்கித்தில் முன்கழுத்துக் கழலை நோய் ஏராளம். அதன் காரணத்தைக் கண்டறிய, மாசுபட்ட ஓடை நீரின் வண்டலைத் தாமே விழுங்கித் தம் கழுத்தில் கழலையை வரவழைத்துக்கொண்டார். இந்தத் துணிச்சலை இன்றைய ஆய்வு நெறிக் குழுக்கள் அனுமதிக்கமாட்டா.

அங்கிருந்த ஏழு ஆண்டுகளில் அவர் கவனித்த இன்னொன்றுதான் பின்னாளில் அவரைக் குன்னூருக்குக் கொண்டுவந்தது. ஹுன்சா பள்ளத்தாக்கு மக்களிடம் இரைப்பைப் புண், குடல்வால் அழற்சி, பெருங்குடல் அழற்சி ஆகியவற்றை அவர் காணவில்லை. தீட்டாத கோதுமை, வாற்கோதுமை, காய்கறி, வாதுமைப்பழம், பால், இறைச்சி எப்போதாவது. ஓயாத மலையேற்றமும் உழைப்பும் அவர்களுக்கு அன்றாடம். (ஹுன்சாக்காரர்கள் 120 ஆண்டுகள் வாழ்வார்கள் என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை. அதற்கு மெக்காரிசன் பொறுப்பாளி அல்லர்.)

குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918இல் தம் ஆய்வைத் தொடங்கினார். புறாக்களுக்கும் குரங்குகளுக்கும் சத்துக் குறைந்த உணவு கொடுத்து, உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்று பார்த்தார். நரம்புக் கோளாறு வெளிப்படையாகத் தெரியுமுன்பே வயிறும் குடலும் பழுதடைந்தன. குடலின் சுவர் மெலிந்து, உப்பி, புண்ணாகி, கிருமிகளுக்கு இடம் கொடுத்தது. சத்துக்குறை நோய் என்றால் கண்ணிலும் காலிலும் தேடிக்கொண்டிருந்த காலத்தில், முதலில் குடலைப் பாருங்கள் என்று அவர் காட்டினார். 1921இல் வெளியான அவருடைய நூலின் சாரம் அதுவே.

அடுத்து நிகழ்ந்தது என் துறை சார்ந்தது, வெட்கத்துடனே எழுதுகிறேன். அரசுச் செலவைக் குறைக்க அமைந்த இஞ்ச்கேப் குழுவின் கத்தரி 1923இல் இந்த ஆய்வின்மீதும் விழுந்தது. கோடிக்கணக்கானோர் அன்றாடம் உண்ணும் அரிசியைப் பற்றிய ஆய்வு, சிக்கனத்தின் பெயரால் நின்றது. மெக்காரிசன் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். செலவுக் கணக்கில் ஆய்வகத்தின் வாடகை தெரியும். ஆய்வு நடக்காததால் நோயுற்றவனின் கூலியிழப்பு எந்தப் பத்தியிலும் தெரியாது. அந்தக் கணக்கு முறை இன்றும் மாறிவிடவில்லை.

1925இல் மீண்டும் குன்னூர். இம்முறை எலிகள். இந்தியாவின் ஏழு பகுதி மக்களின் உணவை ஏழு எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்தார். முழுக்கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி என்ற சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. தீட்டிய அரிசிச் சோறு, பருப்பு, சிறிது காய்கறி, சர்க்கரையிட்ட காபி, பாக்கு வரை சேர்ந்த நம் சென்னை மாகாண உணவு கடைசியில் நின்றது. சராசரி எடை அங்கே 235 கிராம், இங்கே 155 கிராம். காபியை எலிக்கும் கொடுத்துப் பார்த்த நேர்மையை எண்ணி நான் சிரித்ததுண்டு. எண்களைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

நல்லுணவு உண்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளை மனித வயதில் ஏறத்தாழ ஐம்பதுக்கு நிகரான காலம்வரை வளர்த்தார். அவற்றில் நோய் இல்லை என்றே சொல்லலாம். குறையுணவு உண்டவற்றை அறுத்துப் பார்த்தபோது நோய்ப் பட்டியல் நீண்டது: இரைப்பைப் புண், குடல் அழற்சி, பெருங்குடல் அழற்சி. அதே பட்டியலில் இதயமும் இருந்தது: இதயத் தசை அழற்சி, இதய உறை அழற்சி, உறைக்குள் நீர். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் ஒரே உணவு வழியாகக் கேடு வந்ததை அப்பட்டியலில் காணலாம். பிரிட்டிஷ் ஏழைகளின் வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரைத் தேநீர், டப்பா இறைச்சி ஆகியவற்றைத் தின்ற எலிகளோ அறுபதாம் நாளில் ஒன்றையொன்று கடித்துத் தின்னத் தொடங்கின. ஆளும் நாட்டின் தட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை.

ஆனால் அரிசியே குற்றவாளி என்று அவர் முடிவுகட்டவில்லை. ஆந்திரக் கடற்கரையின் வட சர்க்கார் மாவட்டங்களில் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டவர்களிடையே பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அவ்வாறில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பெயர் தெரியாத நம் மூதாட்டிகள் அடுப்படியில் செய்துவந்த வேலை, ஒரு கொடிய இதய நோயைத் தடுத்துக்கொண்டிருந்தது. என் தாத்தாவுக்குச் சைகோனில் அந்த அடுப்படி வாய்க்கவில்லை.

அவரை முற்றறிஞராக்கிவிடவும் நான் விரும்பவில்லை. குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன, அவை அழற்சியைத் தணிக்க உதவுகின்றன என்ற இன்றைய அறிவு அவரிடம் இல்லை. சிவப்பிறைச்சியிலும் முட்டையிலும் உள்ள சில பொருள்களைக் குடல் நுண்ணுயிர்களும் கல்லீரலும் மாற்றித் தரும் சேர்மம் ஒன்று இரத்தக் குழாய் அடைப்போடு தொடர்புடையது எனக் கண்டது இந்த நூற்றாண்டு. தயிர் நுண்ணுயிரின் பெருமையை உலகறியச் செய்த நோபல் அறிஞர் மெட்ச்னிகாஃப், 1916இல் இதயம் செயலிழந்துதான் பாரிசில் மறைந்தார். தயிரை மட்டும் நம்பியிருப்போர் கருதத்தக்கது. அன்று எலிகளிடையே முதலிடம் பெற்ற உணவின் பஞ்சாபிலும் இன்று இதய நோய் மிகுதி. ரொட்டியும் வெண்ணெயும் அப்படியே இருக்க, வயல் வேலை டிராக்டருக்குப் போய்விட்டது.

மெக்காரிசன் 1928இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக எளிய உணவு நூல் ஒன்று எழுதினார். 1929 முதல் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகங்களின் இயக்குநர், 1933இல் சர் பட்டம், 1935இல் ஓய்வு. அந்த ஆய்வகம் 1950களின் இறுதியில் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் 1960 மே 18 அன்று அவர் காலமானார்.

சென்ற வாரம் பெரிய மார்க்கெட்டில் அரிசி வாங்கப் போனேன். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது முத்துப்போல் வெளுத்த அரிசி. தீட்டாத அரிசி கேட்டதற்கு, கிலோவுக்குக் கூடுதல் விலை சொன்னார். ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதற்கு ஏன் அதிக விலை என்று கேட்டேன். வாங்குபவர் குறைவு, வைத்திருந்தால் வண்டு பிடிக்கும் என்றார். பொருளாதாரப் பாடத்தில் அதற்கு மறுப்பு கிடையாது. அடுத்த அலமாரியில் தவிட்டு எண்ணெய், இதயப் படம் போட்ட புட்டியில். இரண்டு கிலோ தீட்டாத அரிசி மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தே வீடு வந்தேன்.