கறுத்துப்போன துணியில் தொடங்கிய கதை: யார் இந்த ஆர்ச்சிபால்ட் கெராட்?

கல்லீரலைக் குறிவைக்கும் ஜீன் தெரபி பற்றி இப்போது அடிக்கடி செய்தி வருகிறது. ஏதோ ஒரு நொதி (என்சைம்) இல்லாமல் பிறக்கும் குழந்தையின் கல்லீரல் செல்களுக்குள் அதைத் தயாரிக்கும் மரபணுவையே அனுப்புவது, அல்லது கெட்ட மரபணுவை அங்கேயே திருத்துவதுதான் இந்த சிகிச்சை. சரி, ஒரு நொதி இல்லாததால் பரம்பரை நோய் வரலாம் என்று முதலில் யோசித்தது யார்? லண்டன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் கெராட். அதுவும் நூறு வருஷத்துக்கு முன்னால்.

1857-ல் பிறந்தவர். அப்பாவும் பெயர்பெற்ற டாக்டர். கௌட் எனும் மூட்டுநோயில் ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுவதைக் காட்டியவர். மகனுக்கோ சிறுநீரின் நிறங்கள் மேல் ஆர்வம்.

அல்காப்டோனூரியா என்ற அபூர்வ நோயில் சிறுநீர் காற்று பட்டதும் கறுத்துவிடும். குடலில் புகுந்த கிருமிதான் காரணம் என்று அப்போது பலர் நம்பினார்கள். இந்த நோயுள்ள பிள்ளைகளைப் பெற்றிருந்த ஒரு தாய்க்கு 1901-ல் இன்னொரு குழந்தை பிறந்தது. அதற்குக் கட்டிய துணிகளைக் கவனித்து வரும்படி கெராட் முன்பே சொல்லி வைத்திருந்தார். மூன்று நாள்கூட ஆகவில்லை, துணியில் கறுப்புக் கறை. கிருமி தொற்றி வந்த நோய் இவ்வளவு சீக்கிரமா தெரியும்? பிறவியிலேயே இருந்தால்தான் உண்டு.

பெற்றோரை விசாரித்தார். இருவரின் உறவு, நம்மூர் அத்தை மகன் - மாமன் மகள் போல அவ்வளவு நெருக்கம். வேறு சில குடும்பங்களிலும் அதே கதை. மெண்டலின் பட்டாணிச் செடி விதிகள் அப்போதுதான் தூசிதட்டி எடுக்கப்பட்டிருந்தன. இது அந்த விதிக்குப் பொருந்துகிறது என்று உயிரியலாளர் வில்லியம் பேட்சன் சுட்டிக்காட்டினார். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குழந்தைக்கு நோய். 1902-ல் கட்டுரை, 1908-ல் தொடர் சொற்பொழிவு.

அவர் சொன்ன காரணம் எளிமையானது. உணவு உடலில் படிப்படியாக உடைகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. ஒன்று இல்லாவிட்டால், ரேஷன் கடையில் பில் போட ஆள் வராத நாள் மாதிரி, எல்லாம் அங்கேயே தேங்கிவிடும்.

சர் பட்டம் வந்தது, 1920-ல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பதவியும் வந்தது. ஆனால் இந்த யோசனையைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்குள் வீட்டில் பேரிழப்பு: இரண்டு மகன்கள் முதல் உலகப்போரில் பலி, மூன்றாவது மகன் போர் முடிந்த கையோடு இன்ஃபுளுவென்சாவில். மிஞ்சிய மகள் டோரதி, பின்னாளில் கேம்பிரிட்ஜின் முதல் பெண் பேராசிரியர் ஆனார். அதைப் பார்க்க அப்பா இல்லை, 1936-ல் காலமானார்.

மரபணுக்கள் நொதிகளைக் கட்டுப்படுத்துகின்றன என்று காட்டிய பீடில், டேட்டம் இருவருக்கும் 1958-ல் நோபல் கிடைத்தது. கெராட் இதை எப்போதோ சொல்லிவிட்டார் என்று பீடிலே ஒப்புக்கொண்டார். அதே வருஷம்தான் அல்காப்டோனூரியா நோயாளியின் கல்லீரலைச் சோதித்தவர்கள், கெராட் ஊகித்த நொதி அங்கே வேலை செய்யவில்லை என்று கண்டார்கள்.

அந்தக் கல்லீரலுக்குத்தான் இன்று மருந்து போகிறது. பாதை சுலபமாக இருக்கவில்லை. 1999-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அமோனியாவை வெளியேற்ற முடியாத நோய்க்கான சோதனையில் 18 வயது இளைஞர் இறந்தார். வைரஸ் மூலம் மரபணுவை அனுப்பியபோது அவர் உடல் கடுமையாக எதிர்வினை காட்டியது. 2025-ல் அதே மாநிலத்தின் ஃபிலடெல்பியாவில், அதே வகை நோயுள்ள ஒரு கைக்குழந்தைக்காக மட்டுமே மரபணு திருத்தும் மருந்து தயாரானது. இம்முறை வைரஸ் கிடையாது, நுண்ணிய கொழுப்புத் துளிகள். சிகிச்சைக்குப் பிறகு அந்தக் குழந்தை வீடு திரும்பியது.