கரிசல் மண்ணில் பிறந்த கதாசிரியர்

துறைமுகமும் உப்பளங்களும் முத்துக்குளித்துறையும் சூழ வாழும் நமக்கு, நம் மாவட்டம் என்றவுடன் கடற்கரைதான் நினைவுக்கு வரும். மேற்கே கோவில்பட்டிப் பக்கம் சென்றாலோ கண்ணுக்கெட்டிய தூரம் வரை கரிசல் காடு. அங்கே இடைசெவல் என்னும் சிற்றூரில் 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் பிறந்தவர் கு. அழகிரிசாமி. அவ்வூர் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986-இல்தான் நம் மாவட்டம் தனியாகப் பிரிந்தது.

அதே ஊரில் அவருக்கு ஒரு வாரம் முன்னதாகப் பிறந்தவர் கி. ராஜநாராயணன். இருவரும் இணைபிரியா நண்பர்கள். இசை என்றால் இருவருக்கும் உயிர். விளாத்திகுளம் சுவாமிகளிடம் ஈடுபாடு கொண்டவர்கள். பின்னர் ஒருவர் ஊரிலேயே தங்க, மற்றவர் சென்னைக்குச் சென்றார். பிரிந்திருந்த காலத்தில் அழகிரிசாமி நண்பருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் தனி நூலாகவே வந்தன.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் கிடைத்த அரசாங்க வேலையை விட்டுவிட்டுத்தான் அவர் பத்திரிகைத் தொழிலுக்குப் போனார். நம்மில் ஒருத்தி அப்படிச் செய்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்! ஆனந்த போதினி, பிரசண்ட விகடன், சக்தி ஆகிய இதழ்களில் பணியாற்றினார். 1952-இல் மலேயா சென்று, கோலாலம்பூரில் தமிழ் நேசன் நாளிதழில் ஐந்தாண்டுகள் இருந்தார். அங்கே புதிதாக எழுத வந்தவர்களுக்கு வழிகாட்டினார். திரும்பி வந்தபின் நவசக்தியில் வேலை. இதற்கிடையே மார்க்சிம் கார்க்கியைத் தமிழாக்கினார். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தைப் பதிப்பித்தார். ஆனாலும் அவர் பெயரை நிலைநிறுத்தியவை சிறுகதைகளே.

குழந்தைகளின் மனத்தை அவரைப் போல் அறிந்தவர்கள் சிலரே. 'ராஜா வந்திருக்கிறார்' என்ற கதையில், வறுமையில் வாடும் ஒரு தாய் தீபாவளிக்கு முதல் நாள் தெருவில் வந்து நின்ற அநாதைச் சிறுவனை வீட்டுக்குள் அழைத்துக் குளிப்பாட்டுகிறாள். கணவனுக்கென்று எடுத்து வைத்திருந்த புதுத் துண்டு அவன் இடுப்புக்குப் போகிறது. அவன் பெயர் ராஜா. பணக்கார வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த ஜமீன் ராஜாவைப் பற்றிப் பெருமை பேசப்படும்போது, தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாக இந்த ஏழைச் சிறுமி சொல்லிவிடுகிறாள். அவள் குரலில் பொறாமையும் இல்லை, ஏளனமும் இல்லை. உண்மையைத்தான் சொல்கிறாள்.

எங்களுக்கோ 'அன்பளிப்பு'தான் அதிகம் பிடித்தது. குழந்தைகளிடம் பேரன்பு கொண்ட ஒருவர், இருவருக்கு மட்டும் டைரி கொடுத்துவிட்டு, சாரங்கன் என்னும் சிறுவனைக் கவனியாமல் விட்டுவிடுகிறார். சிறுவன் கோபித்துக் கொள்ளவில்லை. அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்று உபசரித்து, தன்னிடமிருந்த ஒரு டைரியை நீட்டி, அவர் தனக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாக எழுதித் தரும்படி கேட்கிறான். நல்லவர்கள் கூட அறியாமல் ஒரு பிள்ளையைப் புண்படுத்திவிடலாம் என்பதை இதைவிட மென்மையாகச் சொல்ல முடியுமா? வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பழகியவர்களுக்குச் சாரங்கன் புதியவன் அல்லன்.

1970 ஜூலை 5-ஆம் நாள் அழகிரிசாமி காலமானார். வயது நாற்பத்தாறுதான். அந்த ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசு 'அன்பளிப்பு' தொகுதிக்குக் கிடைத்தபோது பெற்றுக்கொள்ள அவர் இல்லை. 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக அதே பரிசு, புதுச்சேரியில் இருந்த நண்பர் ராஜநாராயணனுக்கும் வந்து சேர்ந்தது.